லா ஷப்பேலில் ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கி

நான் எழுதிய புத்தகங்களிலேயே அதிகம் விற்றது சர்க்கரை நோயாளிகளுக்கான சிறுதானியச் சமையல். மிகக் குறைவாக விற்றது, ஒரு சின்ன நாட்டு ராணுவத்துக்குக் கனரக இயந்திரத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்த வரலாறு. வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் கேழ்வரகுக்காகத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாரிஸிலிருந்து துப்பாக்கிக்காகக் கூப்பிட்டார்கள்.

அந்தப் புத்தகம் என் ஆசையில் பிறந்ததல்ல. மதுரையில் என் பதிப்பாளர் சின்ன நாடுகளின் ராணுவங்களைப் பற்றி ஒரு வரிசை தொடங்கினார். பந்திக்கு முந்தியவர்கள் டாங்கியையும் போர்க்கப்பலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பந்திக்குப் பிந்தியதால் எனக்குக் கிடைத்தது இயந்திரத் துப்பாக்கி. அந்தச் சின்ன நாடு எது என்று விளக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்தில் நின்று கொஞ்சம் பலமாகத் தும்மினால் அங்கே கேட்கும்.

வெள்ளைக்காரன் கிளம்பும்போது விட்டுப்போன பழைய சாமான்களோடு தொடங்குகிற வரலாறு அது. சூடு தணியத் தண்ணீர் ஊற்ற வேண்டிய துப்பாக்கிகள். அணிவகுப்பு நாளில் எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுநாள் கொட்டகையில் பூட்டிவிடுவார்கள். பிறகு உள்நாட்டில் சண்டை மூண்டது. ஐ.நா. சபையில் முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்கூட இந்தத் துப்பாக்கி விஷயத்தில் அண்ணன் தம்பிபோல் ஒற்றுமையாக வந்து விற்றன. அரை அங்குலத் தோட்டா, அதனால் பிஃப்டி கலிபர் என்று பெயர். ஜீப்பில் ஒன்று, படகில் ஒன்று, முகாமின் மண்மூட்டைக்குப் பின்னால் ஒன்று. இதையெல்லாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இணையத்தைப் பார்த்து எழுதினேன்.

விமான நிலையத்தில் என்னை வரவேற்றவர் ஞானம் அண்ணை. ரூ லூயி-பிளாங் தெருவில் கைப்பேசிக் கடை, புறநகர் கூசேன்வில்லில் வீடு, வயது அறுபதுக்கு மேல். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் என் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, அதற்குப் பாரிஸில் வெளியீட்டு விழா வைத்தே தீருவேன் என்று நின்ற மனிதர்.

"வணக்கம் சார்" என்றேன்.

"சார் எண்டு கூப்பிடாதையுங்கோ தம்பி, எனக்கு வரி அலுவலக ஞாபகம் வருது" என்றார்.

காரை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் ரயிலில் கிளம்பினோம். நடுவழியில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு எதையோ சொல்ல, பெட்டி முழுவதும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டது.

"என்ன சொல்றாங்க?"

"ஆரோ ஒரு பயணிக்குச் சுகமில்லையாம்."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு அறிவிப்பு.

"இப்ப?"

"இப்ப ரெயிலுக்கும் சுகமில்லையாம்."

மதுரையாக இருந்தால் பாதிப் பேர் இறங்கிப் போய் ஓட்டுநருக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. எதிரே இருந்த பெண் கைப்பேசியில் மெல்லப் பேசினாள். ஞானம் அண்ணை வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டு எனக்குத் தமிழில் தந்தார்: "தான் ரெயிலிலை இருக்கிறதாலை இண்டைக்கு வரமாட்டாவாம்." ரயிலைப் பற்றி இவ்வளவு தெளிவான கருத்தை நான் எந்த நாட்டிலும் கேட்டதில்லை.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் இறங்கியதும் வயிற்றைக் கவனித்தார். மேம்பாலத்தில் மெட்ரோ தடதடக்க, கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆட்டிறைச்சி றோல்ஸும் பால் தேத்தண்ணியும் வந்தன. றோல்ஸின் உறைப்பு காதைப் பிடித்து இழுத்தது. பரோட்டாவுக்கு நாங்கள்தான் தலைநகரம் என்ற மதுரைத் திமிரோடு போன நான், அவர்கள் கொத்துரொட்டி கொத்துகிற தாளத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ராணுவ அருங்காட்சியகம். வந்த காரியத்தில் அதுவும் ஒன்று. இயந்திரத் துப்பாக்கிக்கு முப்பாட்டன் முறையான ஒரு சாதனத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள். ஒரே வண்டியில் கட்டுக்கட்டாகக் குழல்கள். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று அதை எவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்கள் என்றால், எப்படிப் பயன்படுத்துவது என்று சொந்தச் சிப்பாய்களுக்கே சரியாகச் சொல்லித் தரவில்லை. போர் வந்தது. ரகசியம் காப்பாற்றப்பட்டது. போரில் தோற்றார்கள். அரசாங்க அலுவலகம் எங்கேயும் ஒன்றுதான் என்று மனம் நிறைந்தது.

இன்னொரு கூடத்தில், முக்காலியில் நின்ற கனரகத் துப்பாக்கி ஒன்றின் முன்னால் ஓர் அப்பாவும் சின்ன மகளும் நின்றிருந்தார்கள். அவள் எதையோ கேட்டாள், அவர் எதையோ சொன்னார். ஞானம் அண்ணை உடனே காதைக் கொடுத்தார்.

"இது ஆரைச் சுட்டது எண்டு பிள்ளை கேக்குது."

"அப்பா என்ன சொன்னார்?"

"'மற்ற ஆக்களை' எண்டார்."

என் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் அந்த ஒரு பதிலில் அடக்கிவிடலாம். அப்பாவும் மகளும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள்.

மூன்றாம் நாள் வெளியீட்டு விழா, சாப்பாட்டுக் கடையின் பின்னால் இருந்த மண்டபத்தில். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை எல்லாம் முறைப்படி. பொன்னாடையைப் போர்த்திய பெரியவர் என் காதில், "புத்தகம் நான் படிக்கேல்லை, ஆனால் கனக்கப் பிழை இருக்கு" என்று சொல்லி வாழ்த்தினார்.

கேள்வி நேரம் வந்தபோதுதான் லா ஷப்பேல் எனக்குப் புரிந்தது. இங்கே கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், புறநகர் எபினேயிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் என்று எல்லோருக்கும் இரண்டு தொழில்கள். ஒன்று வயிற்றுக்கு. மற்றது ராணுவ ஆய்வாளர். ஒருவரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

"எங்கட ஊர் ஆமிக் காம்பிலை ரெண்டு பிஃப்டி கலிபர் நிண்டது" என்றார் ஒருவர்.

"ஒண்டுதான். மற்றது எல்.எம்.ஜி." என்றார் இன்னொருவர், இலகு இயந்திரத் துப்பாக்கியை.

"நீ கண்டனியோ?"

"காணேல்லை, கேட்டனான். நீ?"

"நானும் கேட்டனான்."

ஒருவருமே கண்டதில்லை, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வாக்குவாதம் சூடு பிடித்த நேரத்தில் வெளியே தெருவைத் தோண்டும் எந்திரம் ஒன்று தடதடவென்று தொடங்கியது. மண்டபம் அப்படியே பாதிச் சொல்லில் நின்றது. பொன்னாடைப் பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது சின்னச் சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார். "எல்.எம்.ஜி.யை விடவும் கெதியா அடிக்குது" என்றார் மற்றவர். சபை சிரித்தது. முன்வரிசையிலிருந்த ஒரு பெண் தன் தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். போதும் அப்பா, வீட்டுக்குப் போவோம் என்றாளாம். அப்பா எழுந்திருக்கவில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலு சுவருக்குள் இத்தனை தளபதிகளை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித் தோற்றார்கள் என்று ஓர் அசட்டு நகைச்சுவைகூட மனதில் வந்தது. நல்லவேளை, வாயில் வரவில்லை.

எல்லோரும் வடை தின்று கலைந்த பிறகு, கடைசி வரிசையில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த ஒருவரை ஞானம் அண்ணை என்னிடம் அழைத்து வந்தார்.

"இவர் அன்ரன். மன்னார். என்ரை மனிசியின்ரை சொந்தம். நாளையிண்டைக்கு இவருக்குக் கோர்ட். அதுக்கு நீங்கள் வரவேணும் தம்பி."

என் விமானச் சீட்டுக்கு அவர் ஏன் அவ்வளவு ஆர்வமாக ஏற்பாடு செய்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. சோழியன் குடுமி சும்மா ஆடவில்லை.

அன்ரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் மீன்பிடி, இங்கே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னாரில். அகதித் தஞ்சம் கேட்டுக் கொடுத்த கேஸ் முதல் கட்டத்தில் தள்ளுபடியாகி, மேல்முறையீடு வந்திருந்தது. இதுவும் போனால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடைய கதை.

தள்ளுபடிக்குக் காரணம்தான் என்னைத் தேடி வந்தது. சிறுவயதில் வீட்டுக்கு அருகே நடந்த ஒரு தாக்குதலைப் பற்றி விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். "பிஃப்டி கலிபராலை அடிச்சாங்கள்" என்றிருக்கிறார் அன்ரன். பார்த்தீர்களா? இல்லை, பதுங்குகுழிக்குள் இருந்தேன். பிறகு எப்படித் தெரியும்? சத்தம் கேட்டது. அதிகாரி யோசித்திருக்கிறார். ஆயுதத்தையே தொடாத ஒரு மீனவருக்குச் சத்தத்தை வைத்துத் துப்பாக்கியின் பெயர் எப்படித் தெரியும்? தெரிந்தால் அவர் அதைப் பிடித்துச் சுட்டவராகத்தான் இருக்க வேண்டும். போராளியாக இருந்ததை மறைக்கிறார். பொய்யர். முடிந்தது கேஸ்.

"மழையெண்டு சொன்னால் நீ மேகமோ எண்டு கேக்கிற மாதிரி" என்றார் ஞானம் அண்ணை. "இஞ்சை இருக்கிற எங்கட சனம் முழுக்க அந்தச் சத்தம் சொல்லும். ஆனா நாங்கள் சொன்னா எடுபடாது. நீங்கள் இந்தியன். புத்தகம் எழுதின ஆள். லோயரும் ஓம் எண்டிட்டார்."

அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கை. "நீங்கள் சொன்னாப் போதும் அண்ணை" என்றார். நான் பெரிய மனிதன்போல் தலையாட்டினேன். பொன்னாடை வேறு தோளில் கிடந்தது.

நீதிமன்றத்துக்கு ஞானம் அண்ணை ஒரு பை நிறைய றோல்ஸோடு வந்தார். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்த காவலர், "காரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினார். காத்திருக்கும் கூடத்தில் உலகத்தின் பல பாஷைகள் மெல்லிய குரலில் பயந்துகொண்டிருந்தன. அங்கே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ்ப்பெண் வந்து நின்றாள். நாற்பதுக்குள் இருக்கும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஞானம் அண்ணை ஒரு றோல்ஸை நீட்டினார்.

"மன்னிக்கவும். வழக்குத் தரப்பினரோடு நான் உரையாடுதல் கூடாது" என்றாள், வானொலிச் செய்தி வாசிப்பவளைப்போல.

"அது சரி, பிள்ளை எந்த ஊர்?"

"நான் மொழிபெயர்ப்பாளர் ஐயா."

அவள் நகர்ந்ததும் அவர் என்னிடம், "ஊர் சொல்லாத ஆக்களை நம்பேலாது தம்பி" என்றார்.

உள்ளே மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த தலைவி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த அம்மாள். நாங்கள் பின்னால் பார்வையாளர் பெஞ்சில். ஞானம் அண்ணை என் காதில் தமிழாக்கிக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு விசித்திரமான முறை உண்டு. மொழிபெயர்ப்பவர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. அன்ரனாகவே மாறி "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டுப் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "நான் மீனவன். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான் கோப்பை கழுவுகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வக்கீல் என்னை எழுப்பி நிறுத்தினார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தலைவி கேட்டார்: "இந்தத் துப்பாக்கியை ஒரு சாதாரண மனிதரால் சத்தத்தை வைத்து அடையாளம் காண முடியுமா?"

நான் வெளுத்து வாங்கினேன். குழலின் நீளம், தோட்டாவின் எடை, நிமிடத்துக்கு எத்தனை முறை, முக்காலியின் அதிர்வு. தலைவி கையை உயர்த்தினார்.

"நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்களா?"

"இல்லை."

"வேறு ஏதாவது துப்பாக்கியை?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி சும்மா இருந்திருப்பான். "தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி" என்றேன். கறுப்புக் கோட்டுப் பெண் அதையும் அப்படியே "நான்" போட்டுச் சொன்னாள். ஒரு நீதிபதி இருமினார். தலைவி நிதானமாகச் சொன்னார்: "ஆக, இந்தத் துப்பாக்கியின் வரலாற்றையே எழுதியவருக்கு அதன் சத்தம் தெரியாது. மீனவருக்குத் தெரியும்."

உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது, வெட்டியவன் நான். அன்ரன் திரும்பி என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் தலையை அசைத்தார். இந்த மனிதரின் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தலைவி அன்ரனிடம் திரும்பினார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று விளக்கச் சொன்னார். அன்ரன் கையை மடக்கி மேசையில் தட்டினார். பயத்தில் கை விரைந்தது. டகடகவென்று தட்டிவிட்டார்.

"இல்லை அண்ணை."

குரல் யாருடையது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. வானொலித் தமிழ் எங்கோ போயிருந்தது.

"அது உப்பிடி ஓடி ஓடி அடிக்காது. ஒவ்வொண்டா, பாரமா விழும்" என்று சொல்லி, கறுப்புக் கோட்டுப் பெண் மேசையில் மெல்லத் தட்டினாள். தட்டி, நிறுத்தி, தட்டி.

"ஓம் தங்கச்சி, ஆனா காம்பிலை ரெண்டு நிண்டது. ரெண்டும் சேந்து அடிச்சா இப்பிடித்தான்."

"காம்புக்கு ஒண்டுதான் அண்ணை வைப்பாங்கள். மற்றது எல்.எம்.ஜி."

"ரெண்டு" என்று என் பக்கத்தில் ஞானம் அண்ணை தன்னை மறந்து முணுமுணுத்தார். லா ஷப்பேல் மண்டபம் நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டது.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், என்ன பேசிக்கொள்கிறீர்கள்?"

அந்தப் பெண் தன் கடமையைச் செய்தாள். அன்ரன் சொன்னதையும், அதற்குத் தான் சொன்னதையும், ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள்.

"உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"நாங்கள் டியூஷனுக்குப் போற வழியிலை காம்ப் இருந்தது." ஞானம் அண்ணையின் தமிழாக்கம் தடுமாறியது. "எந்தச் சத்தத்துக்கு ஓடலாம், எந்தச் சத்தத்துக்கு நிலத்திலை படுக்கவேணும் எண்டு அம்மா சொல்லித் தந்தவ. வாய்ப்பாட்டுக்கு முதல் அதைத்தான் நாங்கள் பாடமாக்கினது."

தலைவி அவளை நேராகப் பார்த்து, கோப்பில் இருந்த அதே கேள்வியைக் கேட்டார். "நீங்கள் போராளியாக இருந்தீர்களா?"

கேள்வி அவளுக்கு. ஆனால் பல வருடப் பழக்கம் விடவில்லை. அவள் அன்ரனிடம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள். அன்ரன் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"இல்லை. ஒருநாளும் இல்லை."

அவள் நீதிபதியிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இல்லை. நான் ஒருநாளும் இருந்ததில்லை."

இந்த முறை அந்த "நான்" எனக்குச் சிரிப்பாக இல்லை. தலைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அதை எழுதிக்கொண்டார். யாருடைய பதிலாக எழுதினார் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஞானம் அண்ணை அவளிடம் ஊரைக் கேட்கவில்லை. றோல்ஸ் பையை அப்படியே அவள் கையில் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

தீர்ப்பு உடனே வராது என்றார்கள். நான் மதுரைக்குத் திரும்பிவிட்டேன். பதிப்பாளர் குதிரைவாலி அரிசியைப் பற்றி எழுதச் சொன்னார், ஒழுங்காக எழுதத் தொடங்கினேன்.

தீபாவளி அன்று சாயங்காலம் ஞானம் அண்ணை கூப்பிட்டார். "தம்பி, அன்ரனுக்குக் கிடைச்சிட்டுது! வதிவிடக் காட் வரப்போகுது. பிள்ளையளையும் கூப்பிடலாம்." என்னால் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவர் நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ளை சொன்னது பிழை தம்பி. ரெண்டுதான் நிண்டது. உங்கட அடுத்த பதிப்பிலை கட்டாயம் போடவேணும்."

அப்போது எங்கள் தெருவில் யாரோ ஆயிரம் வாலாச் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். வெடித்து முடிய நேரம் ஆனது. நடுநடுவே கனமாக அணுகுண்டுகளும். முடிந்த பிறகும் மறுமுனையில் சத்தமே இல்லை.

"அண்ணை? லைன்ல இருக்கீங்களா?"

"அங்கை என்ன சத்தம்?"

"இன்னைக்குத் தீபாவளிண்ணே. பட்டாசு."

"தெரியும்" என்றார். மூச்சு வாங்கியது. "எண்டாலும் கேட்டனான்."

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.